ஹிமேஜியில் சாமிகள் மோதிக்கொள்ளும்

அன்று சப்பரத்தின் பக்கத்தில் நான் இருந்தேன், அண்ணன் இருந்தான், எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பானிய இன்ஜினியர் இருந்தார். அவரை விருந்தாளியாக அழைத்திருந்த ஷிப்ட் சூப்பர்வைசரும் அவருடைய பங்காளிகளும் இருந்தார்கள். அப்பா வரவில்லை. எங்கள் காலனியிலிருந்து வேறு யாருமே வரவில்லை. சப்பரம் எங்கள் தெருவுக்கு வராது, நாங்களும் அதனிடம் போவதில்லை. நான் மொழிபெயர்க்கப் போனேன். அண்ணன் இன்ஜினியரின் பையைச் சுமந்துகொண்டு வந்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். அதற்கு மேல் ஜப்பானிய மொழியும் படித்ததால், கும்மிடிப்பூண்டி ஃபோர்ஜ் ஷாப்பில் இன்ஜினியர் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலை கிடைத்தது. அண்ணன் அதே ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்துத் திருப்புவதில் அவனுக்கு ஈடில்லை என்று இன்ஜினியர் எல்லோரிடமும் சொல்வார்.

அவருடைய ஊர் ஹிமேஜி. டீ இடைவேளைகளில் அதைப் பற்றியேதான் பேசுவார். போரில் ஊரே எரிந்தது. வெள்ளைக் கோட்டையின் மேல் விழுந்த குண்டு மட்டும் வெடிக்கவில்லை. கடலோரத்தில் சங்கிலி செய்யும் பட்டறைகள். அங்கே இலையுதிர் காலத்தில் ஒரு திருவிழா. மூன்று பல்லக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றோடொன்று மோதுவார்கள். மரம் பிளக்கும், எலும்பு முறியும், சில வருஷம் உயிரும் போகும். எவ்வளவு உடைகிறதோ அவ்வளவு சாமிக்குச் சந்தோஷம். அந்தக் காலத்தில் ஒரு ராணியின் கப்பல்கள் துறைமுகத்தில் உரசிக்கொண்டு ஒட்டியிருந்த சிப்பிகளை உதிர்த்ததன் நினைவு அது என்றார்.

அண்ணன் கேட்டான்: "யார் வேணா தோள் குடுக்கலாமான்னு கேளுடா."

கேட்டேன். அந்த ஊர்க்காரனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"நானும் இந்த ஊருதான். ஒரு தபா இங்க சப்பரத் தண்டுக்குக் கீழ தோள வெக்கணும்டா. அப்பால இன்னா வேணா ஆவட்டும்."

எங்கள் ஊர்த் திருவிழா அன்று சூப்பர்வைசர் இன்ஜினியருக்கு மாலை போட்டு, சப்பரத் தண்டைச் சும்மா தொட்டுக் கொடுக்கச் சொன்னார். அவர் தொட்டதோடு விடவில்லை, சட்டைக்கையை மடித்துக்கொண்டு நேராகத் தோளைக் கொடுத்தார். பிறகு அண்ணனைப் பார்த்து என்னிடம் கேட்டார்: "இவர் இந்த ஊர்தானே?"

தமிழில் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். இங்கே ஊர் என்றால் ஒன்று, காலனி என்றால் வேறு. அவருடைய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். "ஹாய்" என்றேன், ஆமாம் என்று. அவர் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தண்டுக்குக் கீழே நிறுத்தினார்.

"யாரு ஊட்டுத் தோளுடா அது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார். "டேய், அவரு விருந்தாளி. நீ இன்னாடா? வெளிய வா."

"நான் இருந்தா உங்க பாரம் கம்மியாவும் சார்," என்றான் அண்ணன். தோளை எடுக்கவில்லை.

முதல் அடி சவுக்குக் கட்டையால் அவன் முதுகில் விழுந்தது. இரண்டாவது என் காதோடு தாடையில். சப்பரம் ஒரு பக்கம் சரிந்தது, விளக்கு விழுந்து உடைந்தது. இன்ஜினியர் சிரித்தார். அவர் ஊரில் இப்படித்தானே! "யோய்யாசா!" என்று அவர் ஊர்த் திருவிழாக் கூவலைக் கூவிக்கொண்டே சப்பரத்தை எதிர்ப்பக்கம் இடித்தார். அவரை யாரும் தொடவில்லை. எங்களைச் சுற்றித்தான் ஆள் கூடியது. கீழே விழுந்த அண்ணனின் தோளில், எந்தத் தோளில் தண்டு இருந்ததோ அதே தோளில், ஒருவன் குறிபார்த்து அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் வாயிலிருந்து ரத்தம் வந்தபோதுதான் இன்ஜினியரின் சிரிப்பு நின்றது. அவன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, நிறுத்துங்கள் என்று அவர் மொழியில் கதறினார். மொழிபெயர்க்க என் வாயில் இரண்டு பல் குறைந்திருந்தது.

போலீஸில் நாங்கள் கேஸ் கொடுத்ததும் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "கேஸ வாபஸ் வாங்கிக்கங்க. சாமிக்குப் பரிகாரப் பூஜை செலவ நீங்க ஏத்துக்கங்க. வேலைல கை வெக்க மாட்டாங்க. பேஜாரு வேணாம்."

அண்ணன் கட்டுக்குள்ளிருந்து பேசினான்: "பூஜைக்கு டப்பு தர மாட்டேன் சார். தோள் வெச்சது வெச்சதுதான்."

கேஸ் நடக்கிறது. அண்ணனின் வேலை போயிற்று. காறை எலும்புக்கு வைத்த பிளேட், என் பல், வக்கீல், அவன் சும்மா இருந்த மாதங்களின் சம்பளம் எல்லாம் சேர்த்து, ஒரு தபா தோள் வைத்ததற்கு இதுவரை இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம் ரூபாய்.