செயலி தானாக விழித்த நாள்

அக்குறணையில், மாத்தளை வீதியோரத்துப் புடவைக் கடை ஒன்றுக்காக நான் ஒரு செயலி செய்தேன். வாடிக்கையாளர் கடைக்குள் காலெடுத்து வைத்ததும் அவருடைய கைப்பேசி தானாக விழித்து வரவேற்க வேண்டும். போனைக் கையில் எடுக்கவும் கூடாது, செயலியைத் திறக்கவும் கூடாது. கடை முதலாளி கேட்டது இவ்வளவுதான். ஊரில் எல்லோரும் அவரை ஹாஜியார் என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வரவேற்பு தன் சொந்தக் குரலில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவருக்குப் பிடிவாதம். "வாங்க, வாங்க, பெருநாளைக்குப் புது உடுப்பு வந்தீக்கி!" என்று துணி மூட்டைகளுக்கு நடுவே நின்று உற்சாகமாகச் சொன்னார். பதிவு செய்துகொண்டேன்.

வாசலுக்கு மேலே ஒரு பீக்கனை ஒட்டினேன். புளூடூத் வழியாக 'இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி அது. அந்தச் சமிக்ஞை எட்டினால் போன் செயலியை எழுப்ப வேண்டும். கண்டியில் நான் தங்கியிருக்கும் அறையில் ஒவ்வொரு முறையும் எழுப்பியது. கடையில் எழுப்பவில்லை.

ஹாஜியார் படியிறங்கி, ரோட்டில் நின்றுவிட்டு, திரும்ப உள்ளே வந்தார்.

"போன் சும்மா தானே ஈக்கி, மகள்?"

"கொஞ்சம் தூரமா போயிட்டு வாங்க ஹாஜியார். நீங்க கடையை விட்டுப் போகவே இல்லைன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்கு."

வெயிலில் பள்ளிவாசல் வரை நடந்துவிட்டு வந்தார். அப்போதும் இல்லை. போனை வாங்கிப் பார்த்தேன். போகும் வழியிலேயே எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடியிருந்தார்.

"தொறந்து கெடந்தா பெட்டரி போயிடுமே!"

அவர் மூடாவிட்டாலும் அந்தப் போன் தானாகவே மூடிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாக என் செயலியின் கழுத்தை நெரித்தது. அந்த நெரிப்பை நிறுத்தும் அமைப்போ ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மூலையில் ஒளிந்திருந்தது. எழுப்புவதற்கு இருப்பிட அனுமதியும் தேவைப்பட்டது. "நான் போற எடமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு பெண் என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஞாயிறன்று தெல்தோட்டையிலுள்ள எங்கள் வீட்டுக்குப் போனாலும் மடிக்கணினியை மூட முடியாமல் சாப்பாடு ஆறிப் போனது.

கைப்பைக்குள் இருக்கும் போன்களுக்குச் சமிக்ஞை எட்டவில்லை என்று ஹாஜியார் குறைப்பட்டதால், கடைசியில் பீக்கனின் சக்தியை முழுவதாகக் கூட்டினேன். அதன் பிறகு ஓரளவு வேலை செய்தது; அக்கம்பக்கத்துப் பெண்கள் பலரும் தங்கள் போன்களில் செயலியைப் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த கிழமை கடைக்குப் போனபோது கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. ரோட்டுக்கு எதிர்ப்பக்க வீட்டில் மையத்து; யாரோ இறந்திருந்தார்கள். ஹாஜியார் அங்கே போயிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து இன்னொரு போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவர் ரோட்டைக் கடந்து வந்தார். முகம் இருண்டிருந்தது. கதிரையில் உட்கார்ந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பொம்புளைகள் ஈக்கிற பக்கம், ஓதிட்டு ஈக்கக்குள்ள, என்ட குரல் கேட்டிச்சு மகள். வாங்க வாங்க, புது உடுப்பு வந்தீக்கின்னு. ஒரு பேக்குக்குள்ள நிண்டா, அடுத்த பேக்குல தொடங்குது."

கையிலிருந்த போனை மேசையில் வைத்தேன்.

"நான் வெளிய ஆம்புளைகளோட குந்தியீந்தன். எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க."

அத்தனை நாளும் வாசலுக்குள் வந்தும் கண் விழிக்காத போன்கள், அகல ரோட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கைப்பைகளுக்குள் மூடிக்கிடந்தபடியே, நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கின்றன. எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? மேசையில் கிடந்த போன்மேலா?

"சக்தியைக் கொறச்சிடுறேன் ஹாஜியார்."

"கொறச்சா உள்ளுக்கு வாறவங்களுக்குக் கேக்குமா?"

"எல்லாருக்கும் கேக்காது."

"அப்ப கழட்டுங்க."

ஏணியில் ஏறிக் கழற்றினேன். பசை விடாமல் சுவரின் பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஹாஜியார் உதிர்ந்த பெயின்ட்டைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அன்றே அவருடைய குரலையும் நீக்கினேன். மறுநாள் அவர் அந்த வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தச் செயலி இன்னும் இருக்கிறது. விரும்புகிறவர்கள் விரலால் தொட்டுத் திறந்து புது உடுப்புகளைப் பார்க்கிறார்கள். ஒருநாளும் பழுதானதில்லை. ஆரம்பத்திலேயே அப்படிச் செய்திருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும் வேலை.