பள்ளிக்கூட வாசலில் வேப்பிலை

சிம்பாங் பூலாய் பழைய தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பின்னறையில்தான் என் மகள் பிறந்தாள். பள்ளியை நாலு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே வாத்தியார் வீட்டுக்குச் சுவர் எழும்பியதோடு சரி, கூரை போடவில்லை. வாத்தியார் என் வீட்டுக்காரர்தான். கூரை போடும்வரை இங்கேயே இருங்கள் என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். அதை நம்பி இருந்தோம்.

ஒன்பதாம் நாள் காலை அவர் புதுப் பள்ளிக்குப் போன பிறகு வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. பலகைச் சுவர் இடுக்கில் பார்த்தேன். ஊர்க் காரியம் பார்க்கிற ஈப்போ சானிட்டரி போர்டு ஆட்கள். ஒரு வெள்ளைக்காரத் துரை, முதலாளியான ஒரு சீனத் தவுக்கே, ஊர்த்தலைவரான மலாய்க்காரப் பெங்குலு, அவர்கள் பேச்சை மாற்றிச் சொல்லப் போர்டு ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர். இந்த இடத்தை விற்பதா வேண்டாமா என்று பேச வந்திருந்தார்கள்.

விற்றால் அந்த வாரமே நான் பச்சைப்பிள்ளையோடு வெளியேற வேண்டும். முந்தின பேறுகாலத்தில் இப்படித்தான் பன்னிரண்டாம் நாள் மழையில் மாட்டுவண்டி ஏறி வீடு மாறினோம். அந்தப் பிள்ளை தங்கவில்லை.

துரையின் இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. மற்றவர்கள் பேசியது மலாய். அது தெரிந்தும் விளங்கவில்லை. மண்ணுக்கடியில் ஈயம் இருக்கும், விற்றுவிடலாம் என்றார் தவுக்கே. பிள்ளைகள் படிக்கக் கொடுத்த நிலம், விற்கக்கூடாது என்றார் பெங்குலு. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், இப்போதைக்கு விற்க வேண்டாம் என்கிறார் தவுக்கே! கட்டடத்தில் பாம்பு குடியிருக்கிறது, விற்றுத் தொலையுங்கள் என்கிறார் பெங்குலு. யார் எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. பாவிகளா, ஒரு முடிவுக்கு வந்து தொலையுங்களேன் என்று மனசுக்குள் திட்டினேன். வருகிற முடிவு என் தலையில்தான் விழும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

உள்ளே ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. துரை கட்டடத்தைப் பார்க்கப் படியேறினார். கதவுக்கு மேலே வேப்பிலைக் கொத்து தொங்கியது. அதைக் காட்டி ஏதோ கேட்டார். கிராணி அவரை அங்கேயே நிறுத்திவிட்டுச் சுவரோரம் வந்தார்.

“உள்ளுக்கை ஆர்? அம்மையோ?”

எங்கள் ஆட்கள் அம்மை கண்டாலும் வேப்பிலை கட்டுவோம், பிள்ளை பிறந்தாலும் கட்டுவோம். அம்மை என்றால் ஊருக்கு வெளியே கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். வீட்டைக் கொளுத்தினாலும் கொளுத்துவார்கள். அம்மை இல்லை என்று சொன்னாலோ இடத்தை விற்பார்கள். பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை வீறிட்டது.

கிராணி குரலைத் தணித்தார். “எத்தினை நாள், தங்கச்சி?”

“ஒம்போதுங்க.”

“பேசாமல் இருங்கோ.”

திரும்பிப் போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை மளமளவென்று படியிறங்கினார். தவுக்கே அதற்கு முன்பே காரில் ஏறியிருந்தார்.

என்ன சொல்லியிருப்பார்? கொளுத்த வருவார்களோ என்று துணிமணியை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து, “வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?” என்று குதித்தார். எதைச் சொல்வதாம்?

இருபத்தொன்பதாம் நாள் கிராணி சைக்கிளில் வந்தார். தீட்டு வீடு என்று வேலியோடு நின்றுகொண்டார்.

“அன்னைக்கு என்னங்க சொன்னீங்க?”

“பொய் சொல்லேல்லை. எங்கடை சனம் இந்த இலை கட்டின வீட்டுக்குள்ளை ஒருத்தரும் போறதில்லை எண்டன். துரை விக்கிற பேச்சைத் தள்ளி வைச்சிட்டார். நாளைக்குத் திரும்பி வாறார். முதல் வாசலைத்தான் பாப்பார்.” சைக்கிளில் கால் வைத்தபடி, “புதுப் பள்ளியிலை உங்கடை வீட்டுக்குக் கூரை போட்டாச்சோ?” என்றார்.

“இன்னும் இல்லைங்க.”

சைக்கிளைத் திருப்பினார். இலையை அவிழ்க்கச் சொன்னாரா, விடச் சொன்னாரா? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன், விளங்கவில்லை.

முப்பதாம் நாள் காலை பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினேன். தீட்டுக் கழிந்தது. நாற்காலி போட்டு ஏறி, காய்ந்துபோன வேப்பிலையை அவிழ்த்தேன். கார் வருவதற்குள் பச்சையாக ஒரு கொத்து ஒடித்து வந்து கட்டினேன்.