ஆறாவது வீடு

ஒரே இடத்தில் நின்று பாடம் நடத்த எனக்கு வராது. ஹட்டனில் சனிக்கிழமைதோறும் புள்ளிவிபரவியல் வகுப்பு எடுக்கிறேன். சுவருக்குச் சுவர் நடந்துகொண்டே இருப்பேன். அன்று நடை இன்னும் வேகம். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் வகுப்புப் பிள்ளைகள் செய்த ஆய்வின் அறிக்கையை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பியாகிவிட்டது. அந்தத் தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கூரைத் தகரம் கொடுப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். திங்கட்கிழமை கூட்டம்.

கூரை ஒழுகும் வீடுகள் அங்கே குறைவு என்றது எங்கள் அறிக்கை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. வீடுகளுக்கு வரிசையாக இலக்கமிட்டு ஆறுக்கு ஒரு வீடு எடுக்கச் சொன்னது நான்தான். எந்த வீட்டில் தொடங்குவது என்பதற்குக்கூடச் சீட்டுக் குலுக்கினோம், ஆறு விழுந்தது. புத்தகத்தில் உள்ளபடி சுத்தமான வேலை.

அந்தத் தோட்டத்திலிருந்தே வரும் மாணவி ஒருத்தி மட்டும் அட்டவணையைப் பார்த்து நெளிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, சொல்லு."

"எங்க லயத்துல ஒழுகாத வீட்டத் தேடித்தான் பார்க்கணும் மிஸ். மழை வந்தா எங்க வீட்டுல மூணு சட்டி வைக்கிறோம்."

"அப்ப அத ஏன் எழுதல?"

"ஆறாவது வீட்டத்தானே கேக்கச் சொன்னீங்க. எங்களது நாலாவது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உன் வீட்டை வைத்து ஊரை அளக்காதே என்று கடிந்தேன். அவள் கரும்பலகைக்குப் போய் லயத்தை வரைந்தாள். ஒரு வரிசையில் ஆறு காம்பரா வீடுகள், அடுத்ததிலும் ஆறு. ஒவ்வொரு வரிசையின் இரண்டு முனைகளிலும் சின்னதாக ஒரு கட்டம் ஒட்டினாள்.

"முனையில இருக்கிறவங்களுக்குத்தான் பக்கத்துல எடம் இருக்கு மிஸ். சமைக்கிற குசினிய இழுத்துக் கட்டுறப்போ கூரையையும் மாத்திட்டாங்க. நடுவுல இருக்கிறவங்க எங்க இழுக்கிறது?"

ஆறு ஆறாக எண்ணியதில் எல்லா லயத்திலும் கடைசிக் காம்பராவின் கதவைத்தான் தட்டியிருக்கிறோம். குலுக்கலில் மூன்று விழுந்திருந்தால் நடுவீடுகளை மட்டும் கேட்டு நேர்மாறாகப் பிசகியிருப்போம். வெட்கக்கேடு என்னவென்றால், திம்புள்ளப் பக்கம் ஒரு லயத்துக் கடைசிக் காம்பராவில் பிறந்தவள் நான். எங்கள் கூரை ஒழுகியதில்லை. பக்கத்து வீட்டுக் கூரையை நான் நிமிர்ந்து பார்த்ததுமில்லை.

ஞாயிறு காலையிலேயே எல்லோரும் பஸ் ஏறினோம். இந்த முறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு. சீட்டு விழுந்த வீடுகளுக்கு மட்டும் போவது. அடைமழை. அவள் வீட்டுச் சீட்டு விழவில்லை. அவளுடைய அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"இங்கயும் வந்து பாருங்க மிஸ். பேர் எழுதினவங்களுக்குத்தானே தகரம் குடுப்பாங்க?"

"நம்ம நம்பர் விழலம்மா. எழுதுறது எல்லாருக்காகவுந்தான்" என்ற மகள், என் முகத்தைப் பார்த்தாள்.

நான் உறுதி சொல்லக்கூடிய விஷயமில்லை அது. ஆனாலும் சொன்னேன். "ஆமாங்க, எல்லாருக்காகவுந்தான்."

திங்களன்று கூட்டம் தொடங்குமுன் அந்த நிறுவனத்தில் போய் நின்றேன். முதல் அறிக்கை பிழை என்றேன். பிள்ளைகள் பிழையாக எழுதிவிட்டார்களா என்று கேட்டார்கள். இல்லை, நான் சொன்னபடியே எழுதினார்கள், அதுதான் பிழை என்றேன். புதியதை வாங்கிக்கொண்டார்கள். சில வாரங்களில் எல்லா லயங்களுக்கும் தகரம் வந்தது, நாலாவது வீட்டுக்கும் சேர்த்து.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு முந்திய வருடங்களிலும் இதே நிறுவனத்துக்கு வேறு தோட்டங்களில் கூரைகளைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறோம். அங்கேயும் ஆறுக்கு ஒரு வீடுதான். அவையும் ஒழுகல் குறைவு என்ற சுத்தமான அறிக்கைகள், யாரும் எழுந்து கேள்வி கேட்கவில்லை. அந்தத் தோட்டங்களுக்குத் தகரம் போகவில்லை.