ஆம்பிளிஃபயரில் கிளம்பிய புகை

என் வால்வு ஆம்பிளிஃபயர் வெடிக்கப் போகிறது என்று நம்பி, மனைவியை வாசலுக்கு விரட்டிய மடையன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் மாணிக்கம் அண்ணனிடம் மலிவாக வாங்கிய பழைய பெட்டி அது. கண்ணாடி வால்வுகள் சிவந்து சூடேறிவிட்டால் பாட்டு அப்படி இழையும்.

தீபாவளி முடிந்த வாரம், முறுக்கைக் கொறித்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கருகல் வாடை. பெட்டி மூடியின் துளைகளில் புகை! சுவிட்சை அணைத்து, மனைவியை வாசலுக்கு விரட்டிவிட்டு, கட்டியிருந்த சரோங் கைலியோடு அண்ணன் கடைக்குச் சைக்கிளில் பறந்தேன்.

“அண்ணே, பாட்டுப் பெட்டின்னு கொள்ளிக்கட்டைய வித்துட்டீங்களே!” என்று கடை வாசலிலேயே கத்தினேன்.

பாவம், வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் முகம் செத்துவிட்டது. என்னோடு வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றியவர், உள்ளே பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

“பாட்டுக் கேக்கத்தான குடுத்தேன், பலகாரம் சுடவா லா?”

மனைவி விடுவாளா? “மழைக்கு நமத்த முறுக்க அது மேல பரப்பி வாட்டினது யாருங்க? நானா?”

நான்தான். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் அந்த மூடிமேல் ஒரு காகிதம்கூட வைப்பதில்லை; யாரையும் ஏசுமுன் மூடியைக் கழற்றிப் பார்க்கிறேன். அன்று கருகியது வால்வு அல்ல, துளை வழியாக அதன்மேல் விழுந்த ஒரு முறுக்குத் துண்டு.