துணைவேந்தர் இடத்தில் அக்காவின் கார்

என் அக்கா புருஷனைப் பல்கலைக்கழகத்தில் 'சாக்பீஸ்' என்பார்கள். வண்டி நிறுத்துமிடம் அமைக்கும் பொறுப்பு கிடைத்த நாளிலிருந்து சட்டைப்பையில் சாக்பீஸோடுதான் அலைந்தார். வெறும் தரையைக் கண்டால் போதும், குனிந்து ஒரு கோடு இழுத்து, எழுந்து, ஒரு கண்ணை மூடி ரசிப்பார். கட்டடப் பிரிவில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பாக்கியம் என் தலையில் எழுதியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் எத்தனை வண்டி வருகிறது, எந்த வாசலில் நெரிசல் என்று முதலில் பார்ப்பார்கள். அத்தான் யார் பெரியவர் என்று பார்த்தார். வரைபடத்தை விரித்துவைத்துப் பதவி வரிசையில் கட்டம் பிரித்தார். துணைவேந்தருக்கு வாசலை ஒட்டி, ஒரு லாரியே திரும்பலாம் என்கிற அகலம். அடுத்து பதிவாளர், அப்புறம் துறைத் தலைவர்கள். அவர்களில் பாதிப் பேரை டிரைவர் இறக்கிவிட்டுப் போய்விடுவார். கட்டங்கள் காற்று வாங்கும். மாணவர்கள் எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டேன்.

"வயசுப் பசங்கதானே, நடக்கட்டும்" என்றார்.

நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு வாசலருகே ஓர் இடம் விட வேண்டும் என்பது விதி. சக்கர நாற்காலிப் படம் போட்ட பலகை துணைவேந்தர் கார் பக்கத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். அதைக் கொண்டுபோய் மைதானத்துக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளைக் குவித்திருக்கும் மூலையில் நட்டார். அங்கிருந்து மேடு ஏறித்தான் கட்டடத்துக்கு வர முடியும். இந்த மனிதருக்குப் பட்டம் கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

இதில் பாதிக்கப்பட்டது அக்காதான். அதே கட்டடத்தில் ஆய்வக வேலை அவளுக்கு. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் நடை இல்லை. தினமும் அந்த மேடு என்றால் வேலையை விட வேண்டியதுதான். நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ராத்திரி, சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"ஏங்க, வாசல்கிட்ட ஒரே ஒரு இடம் விடுங்களேன். எனக்குன்னு இல்ல, என்னை மாதிரி யாரு வந்தாலும் ஆகும்."

"பொண்டாட்டிக்காகப் பிளானையே மாத்திட்டான்னு நாலு பேரு பேசுவாங்க. எனக்குன்னு ஒரு நேர்மை இருக்குல்ல?"

வால் பிடிப்பதற்கு அவர் வைத்திருந்த பெயர் நேர்மை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மழை பெய்த ஒரு காலையில் மேடு சேறாகிக் கிடந்தது. துணைவேந்தர் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். அக்கா அவர் இடத்தில், ஓரமாகக் காரை விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். வண்டி யாருடையது என்று தெரிந்தே அத்தான் முன் சக்கரத்தில் பூட்டு போடச் சொன்னார். கேள்விப்பட்டு அவளும் நானும் வாசல் படிக்கு வந்து நிற்கவும், ஊரிலிருந்து திரும்பிய துணைவேந்தரின் கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"யாரோட வண்டி இது?" என்றார் துணைவேந்தர், கண்ணாடியை இறக்கி.

அத்தான் படியில் நின்ற எங்களை நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு, முதுகை வளைத்துச் சொன்னார்: "தெரியலைங்க ஐயா. யாரோ வெளியாளு."

அக்கா கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். கார் சாவியை அத்தான் கையில் வைத்தாள்.

"வெளியாளு இனிமே உங்க வீட்டுக்கு வரமாட்டா. வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்றாள்.

என் ஸ்கூட்டரில் சிரமப்பட்டு ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உன் வீட்டுக்கு விடுடி."

"யாருய்யா அந்தம்மா?" என்று துணைவேந்தர் கேட்டது காதில் விழுந்தது. அத்தானின் பதிலுக்கு நாங்கள் காத்திருக்கவில்லை.