ரெங்கராஜு வாங்கிய பிளேரிங் டூல்

சமயபுரம் ரோட்டில் நின்றுபோன ஒரு வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ரெங்கராஜு பெயர். "என்னய்யா, ஒரு டீ குடிக்க விடமாட்டியா?" என்று எடுத்த எடுப்பில் கத்தினேன். பேசியது அவர் மனைவி மல்லிகா. "அண்ணே, காலையில எழுப்பினேன், எழுந்திருக்கலைங்க." அந்த வேனை அப்படியே விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

ரெங்கராஜுவும் நானும் கே.கே. நகரில் பங்கு போட்டு ஒர்க் ஷாப் நடத்தியது, அங்கே வண்டி விட்ட உங்களுக்கெல்லாம் தெரியும். இன்ஜினும் பேச்சும் என் பொறுப்பு. பிரேக்கும் பெட்ரோல் பைப்பும் அவருடையது. நீங்கள் மிதித்ததும் வண்டி நின்றிருந்தால் அது அவர் கைவேலை. புகை விட்டுக்கொண்டு தானாக நின்றிருந்தால் அது என்னுடையது. எனக்கு எழுதவும் வராது. பத்தாவது பரீட்சையைத்தான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். "நீங்க பேசுற மாதிரி எழுதாதீங்கப்பா, பேப்பர் பத்தாது" என்று மகள் வேறு எச்சரித்திருக்கிறாள்.

அவர் போனதிலிருந்து பிரேக் வேலை என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை நானே எடுப்பதா, அடியோடு விட்டுவிடுவதா என்று முடிவெடுக்கத் தெம்பு இருக்கவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே உடம்பு அசந்துவிடுகிறது.

புது பிளேரிங் டூல் வாங்கப் போன நாள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பிரேக் பைப்பின் முனையை மடித்து வாய் மாதிரி விரித்துத் தருகிற கருவி அது. அந்த வாய் சரியாக உட்கார்ந்தால்தான் ஆயில் கசியாது. பழைய டூலில் பிடி தேய்ந்து வாய் கோணிக்கொண்டே வந்தது. மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். எனக்குப் பளபளவென்று ஒரு பெரிய பெட்டி பிடித்துவிட்டது. அதன் மேலிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்ததில் 'சூப்பர்' என்பது மட்டும் புரிந்தது. அது போதும் என்று தோன்றியது.

ரெங்கராஜு சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பைப் முனையையும் சில புதுத் துண்டுகளையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்னங்க, ஜாதகத்தோட வந்திருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"பொருத்தம் பாக்காம எப்படிங்க? இந்த வாய் மாதிரியே ரெண்டா மடிஞ்சு வரணும்."

"ஏசிக்காரங்க எல்லாம் இந்தப் பெட்டியைத்தாங்க வாங்கிட்டுப் போறாங்க."

"ஏசி கசிஞ்சா வேர்க்கும். பெட்ரோல் கசிஞ்சா மூக்குக்குத் தெரியும். பிரேக் ஆயில் கசிஞ்சா காலுக்குத்தாங்க தெரியும். அப்பத் தெரிஞ்சு என்ன பண்ண?"

என் சூப்பர் பெட்டி முனையை ஒரு தடவை விரிக்குமே தவிர, இரண்டாக மடிக்காது என்று தெரிந்தது. இன்னொன்று பைப்பைக் கடித்துப் பல் பதித்தது. மூன்றாவது சின்னது, மங்கலான நிறம். அதில் வாய் வட்டமாக, வெடிப்பில்லாமல் வந்தது. அப்படியும் அவர் விடவில்லை. டூலோடு கடை மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார்.

"எந்திரிங்கய்யா, வர்றவங்க பயந்துக்குவாங்க" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு அடியில சுத்த எடம் வேணும்ல?"

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு துண்டை வாங்கி ஒரு முனையை விரித்தேன். அழகாக வந்த கர்வத்தில் மறுமுனையையும் விரித்தேன். கடைக்காரரே பாராட்டினார். ரெங்கராஜு அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "நட்டு எங்கங்க முதலாளி?" பைப்பை இறுக்குகிற நட்டை முதலில் நுழைத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் விரித்த பிறகு தலைகீழாக நின்றாலும் அது உள்ளே போகாது. வெட்டி எறிய வேண்டியதுதான். அதற்கப்புறம் வேட்டி கட்ட மறந்தவனைப் பார்ப்பது போலத்தான் அந்தக் கடைக்காரர் என்னைப் பார்ப்பார்.

பழிவாங்க எனக்கும் ஒரு நாள் வாய்த்தது. ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் ஆசையாக ஒரு அறை கட்டினார். கட்டி, வெள்ளையடித்து, எங்களைச் சாப்பிடக் கூப்பிட்ட பிறகு பார்த்தால் பீரோ மாடிப்படியில் திரும்பவில்லை. "நட்டு எங்கங்க?" என்றேன். மல்லிகாதான் முதலில் சிரித்தது. அவர் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பீரோ கீழேயே நின்றுவிட்டது. மல்லிகா போன் செய்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அதன் பக்கத்தில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள்.

காரியம் முடிந்து மல்லிகா அந்த டூலைக் கொண்டுவந்து கொடுத்தார். "யாருக்காச்சும் குடுத்துடலாங்களா, நீங்களே வெச்சுக்கிறீங்களாண்ணே?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. மேஜையில் வைத்து அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

பிறகு ஒரு நாள் ஸ்கூல் வேன் ஓட்டும் வசந்தி வந்து நின்றார். பின்சக்கரப் பைப் துருப்பிடித்துக் கசிந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"இத்தனை வருஷம் அண்ணன் பக்கத்துல நின்னு என்னங்க பண்ணினீங்க?"

"வேடிக்கை பாத்தேம்மா."

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க ஏறுற வண்டிண்ணே. தெரியாத எடத்துல விட மாட்டேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

துணியை எடுத்தேன். முதல் வாய் கோணியது, வெட்டினேன். அடுத்ததில் முடி அளவு வெடிப்பு, அதையும் வெட்டினேன். ஒருவழியாக ஒன்று வட்டமாக வந்தது. மாட்டி, பைப்புக்குள் இருந்த காற்றை வெளியேற்றி, வசந்தியை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து இணைப்பைச் சுற்றித் துடைத்தேன். துணி காய்ந்தே இருந்தது. இருந்தும் நானே தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன்.

"நம்பி எடுத்துட்டுப் போலாங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொல்லும் பதில் 'ரெங்கராஜு பாத்துட்டார், போங்க' என்பது. அன்றைக்கு அதைச் சொல்ல முடியவில்லை. "நான் பாத்துட்டேம்மா. போங்க" என்றேன். வேன் திருப்பத்தில் பிரேக் போட்டு நின்று, திரும்பிப் போகும்வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்து, துடைத்த துணியில் ஈரம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

டூலை நானே வைத்துக்கொள்வதாக மல்லிகாவிடம் சொல்லிவிட்டேன். கூடவே இந்தப் பயமும் என்னிடம் வந்திருக்கிறது. இத்தனை வருஷமும் நம் எல்லாருக்குமாக அவர் ஒருவரே பட்டுக்கொண்டிருந்த பயம். அதையும் நானே வைத்துக்கொள்கிறேன்.