பலகைச் சுவருக்கு அப்பால்

பெரிய மனுஷியானதும் என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. விடிவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் ரப்பர் பாலுக்காகக் கித்தா மரம் வெட்டப் போய்விடுவார்கள். போகும்போது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் கதவை வெளியே சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். நான் உள்ளே.

என்னிடம் ஒரே ஒரு கதைப் புத்தகம் இருந்தது. டுரியான் துங்காலில் மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய புத்தகக் கட்டிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தது. கடைசிப் பக்கங்கள் இல்லை. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு வணிகன் மகள் ஆண் வேடம் போட்டு ஊர் ஊராகப் போகிற கதை. அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். சத்தம் போட்டுப் படிப்பேன்.

ஒருநாள் பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்ட? படி புள்ள."

அடுத்த வீட்டு அக்கா. பிள்ளை பெற்று வீட்டோடு கிடந்தவர். அவருக்கு எழுத்துத் தெரியாது. அதற்குப் பிறகு நான் சுவரோரம் உட்கார்ந்துதான் படித்தேன். கதை பாதியில் நின்ற இடத்தில், "அப்புறம் ஊருக்குத் திரும்பிட்டாளாக்கா?" என்று அவரையே கேட்டேன்.

குழந்தையைத் தட்டிக்கொண்டே, "எதுக்குத் திரும்பணும்? போயிக்கிட்டே இருக்கட்டும்லா" என்றார்.

மழையால் மரம் வெட்டு நின்ற ஒரு காலையில் அப்பா சீக்கிரம் வந்துவிட்டார்.

"யாருகிட்ட பேசுற?"

"படிக்கிறேம்பா."

"வயசுக்கு வந்த புள்ள சத்தம் லயம் பூரா கேக்குது."

அடிக்கவில்லை, திட்டவில்லை. புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் நானா கடையிலேயே கொடுத்துவிட்டார். மறுநாள் பலகை இடுக்கில் வாயை வைத்து, நினைவிலிருந்ததை மெல்லச் சொன்னேன். அக்கா மரம் வெட்டத் திரும்பும் வரை அப்படியே நடந்தது. பிறகு பகலில் அந்தப் பக்கமும் ஆள் இல்லை.

அடுத்த வருஷம் தங்கா பத்துவில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் எழுத்து இருந்த ஒரே தாள் சுவரில் தொங்கிய நாள்காட்டி. அடுப்பங்கரைக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் எதிரே நிற்பேன். ராகு காலம், எமகண்டம், அமாவாசை.

"என்ன முணுமுணுக்கிற?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்த" என்றேன்.